ஒரு நாழிகை முன்னதாக: சூரிய உதயமும் அலைச்சறுக்கும்

புனே சிவாஜிநகரில் "சிம்லா ஆபீஸ்" என்றொரு பேருந்து நிறுத்தம் உண்டு. சிம்லாவுக்கும் புனேவுக்கும் என்ன உறவு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928-இல் சிம்லாவிலிருந்து இங்கே மாற்றப்பட்டது. அந்த அலுவலகத்தின் பழைய ஊர்ப்பெயரே தெருமுனையின் பெயராக நின்றுவிட்டது. பின்னாளில் தலைமையகம் டில்லிக்குப் போனது. ஆயினும் வானிலை ஆய்வின் ஒரு பெரிய கை இன்றும் புனேயில்தான் இருக்கிறது. அருகிலுள்ள கடற்கரைக்கே சஹ்யாத்ரி மலைகளைக் கடந்து நூறு கிலோமீட்டர் அளவு போகவேண்டிய ஊர், கடலின் காற்றையும் மழையையும் கணக்கிடும் ஊராக இருப்பது ஒரு வியப்பு.

அந்த வியப்பில் பங்குள்ளவர்கள் புனே தமிழ்க் குடும்பத்தினரும்தான். நாம் மேட்டுநிலத்தில் வாழ்கிறோம். ஆனால் கோடை விடுமுறை வந்தால் ரயிலேறிக் கடலோரத்துக்குப் போகிறோம். முன்பெல்லாம் மெரினாவில் கால் நனைத்து, சுண்டல் சாப்பிட்டுத் திரும்புவதோடு கடல் முடிந்துவிடும். இப்போது நம்ம பசங்க, "தாத்தா, கோவளத்துல சர்ஃபிங் கத்துக்கணும்" என்கிறார்கள். சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள கோவளத்தில், மூர்த்தி மேகவன் என்ற மீனவர் முன்னின்று உருவாக்கிய அலைச்சறுக்குப் பள்ளியை இன்று நாடே அறியும். 2013-இல் அங்கே அலைச்சறுக்கு விழா தொடங்கியது. மாமல்லபுரத்தில் 2023-இல் பன்னாட்டுப் போட்டியும், 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப்பும் நடந்தன. அந்த ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வென்ற வெண்கலம், தனிநபர் பிரிவில் இந்தியா பெற்ற முதல் பதக்கம்.

கற்றுக்கொடுப்பவர்கள் எல்லாரும் சொல்லும் முதல் பாடம் ஒன்றே: "விடியற்காலையில் வாங்க." ஏன் விடியற்காலை? எத்தனை மணிக்கு விடியும்? விடிந்தவுடன் கடலில் இறங்கலாமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். பிள்ளைகளைக் கரையில் நின்று பார்த்துக்கொள்ளப் போகிற பெற்றோருக்காகவும், என்னைப் போன்ற தாத்தா பாட்டிகளுக்காகவுமே முக்கியமாக எழுதுகிறேன்.

ஒரே கடிகாரம், வேறு வேறு விடியல்

இந்தியா முழுவதற்கும் கடிகாரம் ஒன்று. அது கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை வைத்து 1906 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ரயில்வேக்கள் "சென்னை நேரம்" என்ற ஒன்றைப் பின்பற்றின. பம்பாய்க்குத் தனி நேரம் இருந்தது. அது சென்னை நேரத்துக்கு அரை மணி பின்தங்கியது. இந்திய நேரம் வந்த பிறகும் பம்பாய் தன் நேரத்தை 1955 வரை விடவில்லை. பிடிவாதம் என்று சிரிக்கலாம். ஆனால் சூரியன் அந்தப் பக்கம்தான் பேசுகிறான்.

கணக்கைப் பாருங்கள். பூமி 360 பாகை சுழல ஒரு நாள் ஆகிறது. நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பிரித்தார்கள். ஆகவே ஒரு நாழிகைக்கு 6 பாகை. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். ஒரு பாகைக்கு 4 நிமிடம். சென்னை ஏறத்தாழ 80.3 பாகையிலும், புனே 73.9 பாகையிலும் இருக்கின்றன. வித்தியாசம் 6.4 பாகை. அதாவது சென்னைச் சூரியன் புனேச் சூரியனைவிட ஒரு நாழிகைக்குச் சற்று அதிகமாக, சுமார் 26 நிமிடம், முந்திக்கொள்கிறான்.

ஆனால் இந்த 26 ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி நிற்பதில்லை. புனே சென்னைக்கு வடக்கே 5 பாகைக்கும் மேல் தள்ளி இருக்கிறது. வடக்கே போகப் போகக் கோடைப் பகல் நீளும், பனிக்காலப் பகல் குறுகும். அதனால் ஜனவரியில் இடைவெளி பெருகுகிறது, மே-ஜூனில் சுருங்குகிறது. கீழே உள்ளவை அண்ணளவான உதய நேரங்கள்; ஒரிரு நிமிடம் முன்பின் இருக்கலாம்.

ஜனவரி 20: சென்னை 6.35, புனே 7.09.
மே 20: சென்னை 5.43, புனே 6.00.
நவம்பர் 1: சென்னை 6.02, புனே 6.34.

பொங்கல் விடுமுறைக்குப் போனால் அரை மணிக்கு மேல் வித்தியாசம். மே மாதம் போனால் கால் மணிக்குச் சற்று மேல். நம் வீடுகளில் தொங்கும் தமிழ் நாட்காட்டியில் அச்சிட்டிருக்கும் உதய நேரம் தமிழ்நாட்டுக்குக் கணித்தது. அதைக் கொண்டு புனேயில் சந்தியாவந்தனமோ நடைப்பயிற்சியோ திட்டமிட்டால் பொருந்தாது. அதுபோலப் புனே விடியலை மனத்தில் வைத்துக்கொண்டு கோவளத்துக்குப் போனாலும் பொருந்தாது. மே மாதத்தில் ஆறு மணிக்கு நாம் இங்கே பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கும்போது, அங்கே சூரியன் கடலைவிட்டு எழும்பி நான்கு பாகை ஏறியிருப்பான்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லவேண்டும். ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22-இல் வருகிறது. ஆனால் மிகத் தாமதமான உதயம் அன்றில்லை. புனேயில் ஜனவரி நடுவில், சென்னையில் அதற்கும் சில நாள் கழித்து. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதாலும், அதன் பாதை முழு வட்டமாக இல்லாததாலும், உச்சிப்பொழுதே நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை நாளுக்கு நாள் சற்றுப் பின்னுக்கு நகர்கிறது. "உத்தராயணம் பிறந்தும் விடியல் ஏன் இன்னும் தள்ளிப் போகுது?" என்று கேட்கும் பிள்ளைக்கு இதுவே பதில்.

விடியல் வேறு, உதயம் வேறு

சூரியனின் மேல் விளிம்பு அடிவானத்தைத் தொடும் கணத்தையே உதயம் என்று அட்டவணைகள் குறிக்கின்றன. வெளிச்சம் அதற்கு முன்னமே வந்துவிடுகிறது. சூரியன் அடிவானத்துக்கு 6 பாகை கீழே இருக்கும்போது முகம் தெரியும், மணலில் பொருள் தெரியும், அலை உடைவது தெரியும். 12 பாகை கீழே இருக்கும்போது கடலும் வானமும் சேரும் கோடு மங்கலாகத் தெரியத் தொடங்கும். கப்பலோட்டிகளுக்கு இந்த இரண்டாவது எல்லை முக்கியம், நமக்கு முதலாவது.

நாழிகைக் கணக்கு இங்கே அழகாகப் பொருந்துகிறது. 6 பாகை என்றால் ஒரு நாழிகை, 12 பாகை என்றால் இரண்டு நாழிகை. நிலநடுக்கோட்டுக்கு அருகே சூரியன் ஏறக்குறைய நேர்செங்குத்தாக எழுவதால் நம் பக்கத்தில் இந்தக் கணக்கு பெரிதாகப் பிசகாது. துல்லியமாகச் சொன்னால், சென்னையில் முகம் தெரியும் வெளிச்சம் உதயத்துக்கு 21 முதல் 23 நிமிடம் முன்பு வருகிறது. லண்டனில் உள்ள நம் உறவினர்களுக்கு இது ஒத்துவராது. அங்கே ஜூன் மாதத்தில் சூரியன் சாய்வாக எழுவதால் அதே வெளிச்சம் முக்கால் மணி நேரம் நீடிக்கும்.

பிரம்ம முகூர்த்தம் என்று நம் பெரியவர்கள் சொல்வது, உதயத்துக்கு நான்கு நாழிகை முன் தொடங்கி இரண்டு நாழிகை முன் முடிகிறது. அது முடியும்போதுதான் கடலில் அடிவானம் தெரியத் தொடங்குகிறது. எனவே அலைச்சறுக்குக்குப் போகிறவருக்குப் பிரம்ம முகூர்த்தம் எழுந்து புறப்படும் நேரம். அடுத்த நாழிகை கரை சேரும் நேரம். உதயத்துக்கு முந்தைய கடைசி நாழிகை கடலைப் பார்க்கும் நேரம். இந்தக் கடைசி நாழிகையைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். கட்டுரையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

காற்றும் அலையும்

விடியற்காலையின் பெருமை வெளிச்சத்தில் மட்டும் இல்லை, காற்றில் இருக்கிறது. இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் மெதுவாகத்தான் குளிரும். அதனால் பின்னிரவிலும் அதிகாலையிலும் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். இது கரைக்காற்று. வெயில் ஏறி நிலம் சூடானதும் திசை மாறிக் கடலிலிருந்து நிலத்துக்கு வீசும். இது கடல்காற்று. பாய்மரக் காலத்தில் மீனவர்கள் கரைக்காற்றில் கட்டுமரத்தைக் கடலுக்குள் செலுத்தி, கடல்காற்றில் கரைக்குத் திரும்பினார்கள். இயந்திரம் பொருத்திய ஃபைபர் படகு வந்த பிறகும் அந்த நேர ஒழுங்கு பல ஊர்களில் மாறவில்லை.

அலைச்சறுக்குக்கும் அதே காற்றுதான் வேண்டும். கரைக்காற்று அலையின் முகத்தை எதிர்த்து வீசுவதால் அலை சட்டென்று சரியாமல் வழவழப்பாக எழுந்து நிற்கும். கடல்காற்று தொடங்கிவிட்டால் நீர்ப்பரப்பு கசங்கிவிடும், அலை ஒழுங்கில்லாமல் உடையும். சென்னைக் கரையில் கோடையில் கடல்காற்று பெரும்பாலும் முற்பகல் கடந்து, சில நாள் நண்பகலுக்குப் பிறகு வரும். தென்மேற்குப் பருவக்காற்று வலுத்த மாதங்களில் மேல்காற்று அதைத் தள்ளிப்போடும். எப்படி ஆனாலும் உதயத்திலிருந்து இரண்டு மூன்று மணி நேரம் நமக்கு உறுதியாகக் கிடைக்கும். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு அதுவே அதிகம்.

அலை எங்கிருந்து வருகிறது? கோவளத்தில் மே முதல் செப்டம்பர் வரை நல்ல அலை தருபவை, பெரும்பாலும் இந்தியப் பெருங்கடலின் தென்கோடிப் புயல்களில் பிறந்தவை. 15 விநாடிக்கு ஒன்றாக வரும் அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு சுமார் 42 கிலோமீட்டர், நாளொன்றுக்கு ஆயிரம் கிலோமீட்டர் நகரும். ஐயாயிரம், ஆறாயிரம் கிலோமீட்டர் கடந்து ஐந்தாறு நாளில் நம் கரையைத் தொடும். நாம் கரையில் நிற்கும் காலை காற்றே இல்லாமல், வானம் தெளிவாக இருந்தாலும் அலை பெரிதாக வருவதற்குக் காரணம் இதுதான்.

கேரள மீனவர்கள் இதற்குக் "கள்ளக்கடல்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். திருடனைப் போலச் சொல்லாமல் வரும் கடல். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அப்படிப்பட்ட கடல் கொண்டுபோயிற்று. அந்த நாட்களுக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை முன்னமே வெளியிடப்பட்டிருந்தது. வெளியிடும் நிறுவனம் ஐதராபாத்தில் 1999-இல் அமைந்த இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் மையம். அலையின் உயரம், இடைவெளி, திசை, காற்று எல்லாவற்றையும் அது சில நாள் முன்கூட்டியே தருகிறது. விடுமுறையில் கடலுக்குப் புறப்படும் எந்தக் குடும்பமும் ரயில் டிக்கெட்டைச் சரிபார்ப்பதுபோல இதையும் முந்தைய நாள் பார்த்துவிட வேண்டும்.

கிழக்குக் கரையும் மேற்குக் கரையும்

"அவ்வளவு தூரம் எதுக்கு? அலிபாக் பக்கத்துலதானே இருக்கு" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டு கரைக்கும் விடியல் ஒன்றல்ல.

கோரமண்டலக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறான். உதயமான முதல் ஒரு மணி நேரம் அவன் 15 பாகைக்கும் கீழே நிற்பான். நீர்ப்பரப்பு முழுவதும் கண் கூசும். பலகையில் இருப்பவர் கடலை நோக்கும்போது கூசும் என்பது மட்டுமல்ல; கரையில் நின்று பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கும் கூசும். மின்னும் நீரில் ஒரு தலையைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஆகவே பிள்ளைக்கு ஆரஞ்சு, இளஞ்சிவப்பு போன்ற பளிச்சென்ற நிறத்தில் மேலாடை. நமக்கு முன்விளிம்புள்ள தொப்பி. மே மாதத்தில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து சுமார் 20 பாகை வடக்கே, அதாவது கடலை நோக்கி நிற்பவரின் இடப்பக்கம் எழுவான். டிசம்பரில் அதே அளவுக்குச் சற்று மேலாக வலப்பக்கம். எந்தப் பக்கம் கூசும் என்று தெரிந்தால் எங்கே நின்று பார்ப்பது என்று முடிவு செய்யலாம்.

கொங்கண் கரையில் சூரியன் முதுகுப்பக்கம், மலைகளுக்குப் பின்னாலிருந்து வருகிறான். அட்டவணை சொல்லும் உதயத்துக்குப் பிறகும் கரை சற்று நேரம் நிழலில் கிடக்கும். கூச்சம் கிடையாது. ஆனால் அங்கே சூரியனைவிட ஓதம் முக்கியம். சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிய ஓத நாட்களிலும் ஒரு மீட்டர் அளவே. மும்பைப் பக்கத்தில் அது நான்கு மீட்டரைத் தாண்டும். அலிபாக்கில் வற்றத்தின்போது குலாபா கோட்டைக்கு நடந்தே போகலாம், ஏற்றத்தில் அதே வழி கடல்.

இதிலும் பஞ்சாங்கம் கைகொடுக்கிறது. மும்பைக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வரும், விடியற்காலையில் வற்றம். ஓதம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பின்தள்ளிப் போவதால், ஒரு வாரம் கழித்து அஷ்டமியை ஒட்டி விடியற்காலை ஏற்றமாகிவிடும்; ஆனால் அன்று ஓதத்தின் வீச்சு சிறிது. ஆகையால் கொங்கணுக்குப் போகிறவர் முதலில் திதியைப் பார்க்கவேண்டும், பிறகு உதயத்தை. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் அந்தக் கரைப் பக்கமே போகவேண்டாம். நீர்விளையாட்டுகளை அப்போது நிறுத்திவிடுவார்கள்.

கிழக்குக் கரைக்கு விலக்கவேண்டிய பருவம் வேறு. தீபாவளி விடுமுறை வடகிழக்குப் பருவமழையோடு வருகிறது. அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகும் காலம். அப்போது கடல் தேர்ந்தவர்களுக்கே சவால், தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு உகந்ததல்ல. மகாராஷ்டிரப் பள்ளிகளின் மே மாத விடுமுறை இந்த வகையில் நமக்கு வசதியானது: உதயம் சீக்கிரம், நீர் வெதுவெதுப்பு, அலை தொடங்கும் பருவம்.

கடைசி நாழிகை

இப்போது மே 20-ஐ எடுத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுதைத் திட்டமிடுவோம். கோவளத்தில் உதயம் 5.43. அதிலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும். ஒரு நாழிகை முன்பு 5.19, அப்போது கரையில் நிற்கவேண்டும். சென்னை நகரில் தங்கியிருந்தால் ஒரு மணி நேரப் பயணம், 4.15-க்குக் கிளம்பினால் சரி. எழுவது நாலு மணிக்கு முன். முந்தைய இரவு ஒன்பதுக்குப் படுக்கை. வயிற்றுக்கு ஒரு வாழைப்பழமும் தண்ணீரும் போதும். இட்லி வடையெல்லாம் கரையேறிய பிறகு.

5.19 முதல் 5.43 வரை கடலில் இறங்கக்கூடாது. பார்க்கவேண்டும், அவ்வளவுதான். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். சிறிய அலைகள் பல நிமிடம் வந்துகொண்டே இருக்கும். பிறகு நாலைந்து பெரியவை சேர்ந்து வரும். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "கடல் அமைதியா இருக்கு" என்று இறங்குகிறவர் சிறிய கூட்டத்தை மட்டுமே பார்த்தவர். 24 நிமிடம் பார்த்தால் பெரியவையும் கணக்கில் வந்துவிடும்.

இன்னொன்று, கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். அலை கொண்டுவந்த நீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். மணல்திட்டில் பள்ளம் உள்ள இடத்தில் அது ஆறுபோலக் கடலுக்குள் ஓடும். பார்ப்பதற்கு அந்த இடம்தான் மிக அமைதியாக இருக்கும்: இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாது, நீர் சற்றுக் கருத்திருக்கும், நுரையும் குப்பையும் வெளியே போய்க்கொண்டிருக்கும். புதியவர்கள் "இங்கதான் அலை இல்லை" என்று சரியாக அங்கேதான் இறங்குவார்கள். அகப்பட்டுக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக்கூடாது. பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு, கையை உயர்த்தி உதவி கேட்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் இடத்துக்கு வந்தபின் அதோடு கரையேறவேண்டும். புனே நீச்சல் குளங்களில் பதக்கம் வாங்கிய பிள்ளைக்கும் இதைத் தனியாகச் சொல்லித்தரத்தான் வேண்டும். குளத்தில் நீர் நகர்வதில்லை.

சூரியன் எழுந்து கூச்சம் தொடங்குவதற்கு முன், நிழலில்லாத அந்த மென்மையான ஒளியில்தான் இவையெல்லாம் நன்றாகத் தெரியும். கூடவே, இரவுத் தொழில் முடித்துக் கரையேறும் மீனவர்கள் அந்நேரம் அங்கே இருப்பார்கள். "அண்ணே, இன்னிக்கு நீரோட்டம் எந்தப் பக்கம்?" என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தக் கருவியும் சொல்லாத பதில் கிடைக்கும். அந்தக் குப்பங்களின் பிள்ளைகள் மரப்பலகையில் அலையேறி விளையாடியவர்கள். இன்றைய பயிற்றுநர்களில் பலர் அப்படி வளர்ந்தவர்கள். அவர்கள் "இன்னிக்கு வேணாம்" என்றால் வேண்டாம்தான். நாலு மணிக்கு எழுந்தோமே, காசு கட்டினோமே என்று வாதிடக்கூடாது.

சுருங்கச் சொன்னால், கடலோரக் காலைக்கு மூன்று வகை அறிவு தேவை. உதயமும் திதியும் ஓராண்டுக்கு முன்பே தெரியும், அது கணக்கு. அலையும் காற்றும் சில நாள் முன்பு தெரியும், அது கணிப்பு. நீரோட்டம் அன்று, அங்கே, அந்த நேரத்தில்தான் தெரியும், அது கண். முதலிரண்டையும் புனேயில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். மூன்றாவதுக்குக் கரையில் ஒரு நாழிகை செலவிட்டே ஆகவேண்டும்.

இந்த மே மாதம் ஊருக்குப் போகும் குடும்பங்கள், உதய நேரத்தைப் பிள்ளைகளையே கணக்கிடச் சொல்லுங்கள். ஒரு பாகைக்கு நாலு நிமிடம், ஆறு பாகைக்கு ஒரு நாழிகை என்று விரல்விட்டு எண்ணட்டும். பிறகு அலாரம் வைக்கும்போது, அந்த ஒரு நாழிகையைக் கழித்தே வைக்கட்டும்.